குறத்தி பேசிய தமிழும் வாக்ரிகள் பேசும் மொழியும்

தமிழ் இலக்கியத்தில் குறத்திக்குக் கிடைத்த ஏற்றம் வேறெந்த நாடோடிப் பெண்ணுக்கும் கிடைத்ததில்லை. சங்கப் பாடல்களில் அகவன் மகளாகவும் கட்டுவிச்சியாகவும் தோன்றியவள் அவள். கலம்பகத்தில் ஓர் உறுப்பாக ஒதுங்கி நின்றாள். 'குறம்' என்னும் சிற்றிலக்கியத்தில் தனித்துப் பேசினாள். பதினெட்டாம் நூற்றாண்டில் குறவஞ்சி நாடகம் எழுந்தபோது மேடை முழுவதையும் தனதாக்கிக்கொண்டாள். தலைவியின் கையைப் பற்றிக் குறி சொல்கிறாள்; தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள்; நடந்து கடந்த தேசங்களை எல்லாம் அடுக்குகிறாள். அவளைத் தேடி வரும் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். பிரிவு தாளாமல் புலம்புகிறான். கண்டபின் அவள் அணிந்திருக்கும் நகைகளைச் சுட்டிச் சுட்டி ஐயத்தோடு வினவுகிறான். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் படித்தோர்க்கு இந்த உரையாடலின் சுவையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தனை பேசிய குறத்தி எந்த மொழியில் பேசினாள் என்று கேட்டால், கேள்வியே விந்தையாகத் தோன்றும். தமிழில்தான்; அதுவும் சந்தமும் எதுகையும் குன்றாத நல்ல தமிழில். புலவன் தன் மொழியை அவள் வாயில் வைத்தான். நாடகத்துக்கு அது குற்றமன்று. ஆயினும் ஒரு மக்களைப் பற்றி ஓர் இலக்கியம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பாடிக்கொண்டே இருந்து, அவர்கள் வீட்டில் பேசும் பேச்சை ஒருமுறைகூடக் கேளாதிருந்தது என்றால், அந்த இலக்கியத்தை மதிப்பிடுகையில் இதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் இளமையில், 1800-ஆம் ஆண்டையொட்டி, 'பெத்தலகேம் குறவஞ்சி'யை இயற்றினார். இவரைக் குளத்தூரில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு குழப்பிக்கொள்வோர் நம்மிடையே இன்னும் உளர். பின்னவர் கத்தோலிக்கர், நீதிமன்றப் பணியாற்றியவர், 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டவர். முன்னவரோ சீர்திருத்தச் சபையினர். திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிப் பின் தஞ்சை சென்ற சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர். சபை வேறுபாட்டைக் கருதி நாம் அவருடைய நூலை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அது தமிழ்க் கிறிஸ்தவர் அனைவருக்கும் உரிய செல்வம்.

சாஸ்திரியார் செய்தது துணிவான செயல். அரசனையும் கோயில் தெய்வத்தையும் தலைவனாக வைத்துப் பாடப்பட்ட சிற்றின்பச் சாயலுள்ள ஒரு நாடக வகையை எடுத்து, கிறிஸ்துவைத் தலைவனாகவும் திருச்சபையைத் தலைவியாகவும் அமைத்தார். குறி சொல்ல வரும் குறத்தியை விசுவாசத்தின் உருவமாக்கினார். சிங்கன் ஞானச்சிங்கன் ஆனான். பறவை பிடித்தல் ஆன்மாக்களைச் சேர்க்கும் நற்செய்திப் பணிக்கு உவமையாயிற்று. நாடோடிப் பெண் ஒருத்தி விசுவாசத்தின் உருவாக நிற்பது சிறிய செய்தியன்று. இயேசு பிறந்த செய்தியை முதலில் கேட்டவர்கள் ஊருக்குப் புறத்தே வயல்வெளியில் தங்கியிருந்த இடையர்கள் என்று லூக்கா எழுதுகிறார். பெத்லகேமைப் பாடும் நூலில் ஊருக்குப் புறத்தே வாழும் குறத்தியே நற்செய்தி உரைப்பவளாக வருவது எத்துணைப் பொருத்தம்! அவருடைய கவிமனம் அறிந்தோ அறியாமலோ ஓர் ஆழ்ந்த உண்மையைத் தொட்டிருக்கிறது என்பதே நம் கருத்து.

ஆனால் உருவகத்துக்கு ஒரு தீய பழக்கம் உண்டு. அது தான் எடுத்துக்கொண்ட மனிதரை விழுங்கிவிடும். குறத்தி 'விசுவாசம்' ஆனவுடன் அவள் குறத்தியாக இருப்பதை நிறுத்திவிடுகிறாள். அவள் எந்த ஊர், என்ன உண்டாள், பிள்ளைக்கு என்ன தாலாட்டுப் பாடினாள் என்பன உருவகத்துக்குத் தேவையற்றுப் போகின்றன. குற்றாலக் குறவஞ்சியின் சிங்கியாவது கொஞ்சம் சினப்பாள், கொஞ்சம் பொய் சொல்வாள். ஞானக் குறத்திக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை. நூலின் பெருமையைக் குறைக்க நாம் இதைச் சொல்லவில்லை. அந்நூல் எங்கே உயர்கிறதோ அங்கேயே அதன் எல்லையும் இருக்கிறது.

இனி நம் தெருவுக்கு வருவோம். திருவரங்கத்து இராசகோபுரத்தருகிலும், அம்மா மண்டபம் போகும் வழியிலும், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலும் பாசிமணி, ஊசி, சீப்பு விற்கும் குடும்பங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் அவர்கள் உண்டு. வேளாங்கண்ணித் திருவிழாவிலும் உண்டு. நாம் அவர்களை நரிக்குறவர் என்கிறோம். முந்தைய தலைமுறை குருவிக்காரர் என்றது. நரிக்கொம்பு என்று சொல்லித் தாயத்துப் போன்ற ஒன்றை விற்றதனால் முதற்பெயரும், குருவி பிடித்து விற்றதனால் இரண்டாம் பெயரும் வந்தன. இரண்டும் நாம் கொடுத்தவை. அவர்கள் தம்மை வாக்ரி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மொழிக்குப் பெயர் வாக்ரிபோலி.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'போலி' என்றால் அவர்களுக்குப் பேச்சு என்று பொருள். இந்தியில் பேச்சு வழக்கைக் குறிக்கும் சொல்லும் அதுவே. நமக்கோ போலி என்றால் பொய்யானது. மேலும் இலக்கணம் கற்றோர்க்கு முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்பன நினைவுக்கு வரும். ஒருவர் தம் மொழியின் பெயரைச் சொல்லும்போது நம் காதில் அது 'பொய்' என்று விழுகிறது. அவர்களுக்கும் நமக்கும் இடையிலுள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

வாக்ரிபோலி இந்தோ–ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. குசராத்தியோடு நெருங்கிய உறவுடையது. நடந்து வந்த வழியெங்கும் பொறுக்கிய மராத்தி, தெலுங்கு, தமிழ்ச் சொற்களும் அதில் கலந்துள்ளன. அவர்களுடைய குலப் பெயர்களிலேயே குசராத்தும் மேவாரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகலாயரோடு போரிட்டுத் தோற்ற சிவாசியின் படைவீரர்கள் காடுகளில் ஒளிந்து வாழ்ந்ததாகவும், அவர்கள் வழித்தோன்றல்களே தாங்கள் என்றும் அவர்களிடையே ஒரு வாய்மொழி வரலாறு உண்டு. வரலாற்றாசிரியர் இதை ஏற்பாரா என்பது வேறு. தோற்ற பின்னும் பணியாமல் காடு புகுந்தோம் என்று தம்மைப் பற்றி ஒரு மக்கள் சொல்லிக்கொள்வது, பிறர் அவர்களைப் பற்றிச் சொல்வதைவிட மேலானது அன்றோ!

எருமை பலியிடுவோர், ஆடு பலியிடுவோர் என இரு பெரும் பிரிவுகளாக அவர்கள் வாழ்கின்றனர். ஒவ்வொரு குடும்பக் கிளைக்கும் ஒரு சாமி மூட்டை இருக்கும். அம்மனுக்குரிய ஆடைகளும் வழிபாட்டுப் பொருள்களும் அதில் கட்டிவைக்கப்பட்டிருக்கும். பிறர் அதைத் தொடலாகாது. கோயில் கட்ட நிலமில்லாதவன் தெய்வத்தை மூட்டையில் சுமக்கிறான். இங்கு மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். குசராத்தின் அகமதாபாத்தில் வாகரி என்னும் ஒரு சமூகத்தார், கோயிலுக்குள் புக விடப்படாத காலத்தில், துணியில் அம்மனின் உருவத்தை அச்சிட்டும் தீட்டியும் அதையே திரைக்கோயிலாகக் கட்டி வழிபட்டனர். 'மாதா நி பச்சேடி' என்று இன்று கலையுலகம் போற்றும் துணி ஓவியம் அதுவே. பெயர் ஒற்றுமையையும் மொழி உறவையும் நோக்கினால் நம் தெருவோரத்து மூட்டையும் அந்தத் துணிக்கோயிலும் ஒரே வேதனையின் இரு வடிவங்களோ என்று தோன்றுகிறது. இசுரயேல் மக்கள் பாலை நிலத்தில் உடன்படிக்கைப் பேழையைச் சுமந்து நடந்ததை வாசித்துப் பழகிய நமக்கு, சுமக்கப்படும் தெய்வம் என்னும் கருத்து அந்நியமாக இருக்கக் கூடாது.

நரிக்குறவர் வேறு, குறவர் வேறு என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். குறிஞ்சி நிலத்துக் குறவரின் பெயரைத் தாங்கிய சமூகத்தார் தமிழகத்தின் பழங்குடியினர். அவர்களுடைய பேச்சு திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாக்ரிகள் வடமேற்கிலிருந்து வந்தவர்கள். குறி சொன்னவளையும் குருவி பிடித்தவனையும் இணைத்துக் குறவஞ்சி ஒரு குடும்பமாக்கியது. பின்வந்த தமிழ்ப் பொதுமனம் இருவரையும் ஒருவராகவே கண்டது. இக்குழப்பம் ஏட்டளவில் நிற்பதன்று. கடலூர்ப் பகுதியில் 1993-இல் நிகழ்ந்த ஒரு காவல் மரண வழக்கை அடிப்படையாகக் கொண்டு 2021-இல் வந்த 'ஜெய்பீம்' திரைப்படம், பாதிக்கப்பட்டோரை இருளர் என்று காட்டியது. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர். நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படந்தான். இருந்தும், ஒடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்குப் பதிலாக மற்றொருவரை வைத்தால் என்ன என்ற எண்ணம் அதில் வெளிப்படுகிறது. துன்பத்துக்கும் ஒரு முகவரி உண்டு.

திரைப்படத்தைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடலாம். 1968-இல் வெளிவந்த 'ஒளிவிளக்கு' படத்தில் நாட்டின் பெரும்புகழ் பெற்ற நாயகனும் நாயகியும் நரிக்குறவர் வேடம் பூண்டு ஆடிப் பாடினர். அதன்பின் எத்தனையோ படங்களில் அந்த வேடம் வந்தது. கழுத்து நிறையப் பாசி, கையில் உண்டிவில் அல்லது கூடை, வாயில் ஓர் இழுவைத் தமிழ். குறவஞ்சி அவர்களுக்கு அழகிய தமிழைக் கொடுத்தது. திரைப்படம் கேலித் தமிழைக் கொடுத்தது. இரண்டிலும் அவர்களுடைய சொந்தப் பேச்சு இல்லை. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில், நுழைவுச் சீட்டு வைத்திருந்தும் ஒரு நரிக்குறவர் குடும்பம் உள்ளே விடப்படாமல் நிறுத்தப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் அனுமதிக்கப்பட்டது. வேடம் திரையில் ஆடலாம். வேடத்துக்கு உரியவர் இருக்கையில் அமரலாகாது. 2021-இல் மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானப் பந்தியிலும் இதுவே நடந்தது. பின்னர் அமைச்சர் ஒருவர் அதே பெண்ணோடு பந்தியில் அமர்ந்து உண்ட செய்தி நாடெங்கும் பரவியது.

திருவரங்கத்துக்கு இது புதிய கதையன்று. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் அரங்கத்துக்குள் கால் வைக்க அஞ்சிக் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார் என்பது வைணவ மரபு. தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் வழியைவிட்டு விலகச் சொல்லிக் கல்லெறிந்தார். காயம் அரங்கன் நெற்றியில் தெரிந்தது. பின்னர் முனிவரே ஆழ்வாரைத் தோளில் சுமந்து சென்றார். பத்தே பாசுரங்கள் பாடிய அவர் பன்னிருவருள் ஒருவரானார். இக்கதையை நாம் வியந்து கேட்கிறோம். ஆனால் கரையில் நின்ற பாணர் அவர் ஒருவர் மட்டுந்தானா? பாடத் தெரிந்தவரைத் தோளில் ஏற்றிய மரபு, பாடத் தெரியாதவரை அல்லது நமக்குப் புரியாத மொழியில் பாடியவரை என்ன செய்தது என்று கதை சொல்லவில்லை. அயல் சமயத்தை இடித்துரைப்பதாக இதை எவரும் கொள்ள வேண்டாம். தம்மைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில்தான் கத்தோலிக்கராகிய நாமும் இருக்கிறோம்.

திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள மண்ணில் கால் பதித்த மொழி வல்லுநர் எத்தனை பேர்! தத்துவ போதகராகிய நொபிலி அடிகள் மதுரையிலிருந்து இப்பக்கம் வந்தார். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் கொடுந்தமிழ் இலக்கணமும் தேம்பாவணியும் தந்தார். அவரது செந்தமிழ்ப் புலமையைக் கண்டு நாம் இன்றும் தலைநிமிர்கிறோம். அவர்கள் கற்றது தமிழ், வடமொழி, தெலுங்கு. அரசவைக்கும் புலவர் அவைக்கும் உரிய மொழிகள். சாலையோரத்தில் கூடாரம் அடித்து, மறுநாள் காலை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களின் மொழியை எவரும் கற்றதாகத் தெரியவில்லை. இதற்குத் தனிமனிதரைக் குறை சொல்வது நேர்மையாகாது. பங்கு என்னும் அமைப்பே ஊரை அடிப்படையாகக் கொண்டது. ஞானத்தீக்கைப் பதிவேட்டில் ஊர்ப்பெயர் எழுத ஒரு பத்தி உண்டு. ஊரில்லாதவர்க்கு அதில் என்ன எழுதுவது?

கடல்கடந்த ஓர் எடுத்துக்காட்டு இங்கே பயன்படும். மெக்சிகோ நாட்டின் கிழக்குப் பகுதியில், வேராக்ரூசு, புவேப்லா மாநிலங்களில் தொத்தொனாக்கு என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். நாம் இனிப்புகளில் சேர்க்கும் வனிலாவை நெடுங்காலமாகப் பயிரிட்டு வளர்த்தவர்கள் அவர்கள். உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் தலைகீழாகச் சுழன்று இறங்கும் அவர்களுடைய சடங்கை 2009-இல் ஐ.நா. பண்பாட்டு நிறுவனமாகிய யுனெசுகோ மானுட மரபுச் செல்வமாக ஏற்றது. 1519-இல் கொர்த்தேசு என்ற எசுப்பானியத் தளபதி கரையிறங்கியபோது, அசுதேக்கர்களுக்குத் திறை கட்டிச் சலித்திருந்த செம்போவாலா நகரத்துத் தொத்தொனாக்கர் அவனோடு கூட்டுச் சேர்ந்தனர். பின்னர் வந்த கொள்ளை நோய்களும் அடிமை வேலையும் அந்த நகரையே அழித்தன. அவர்கள் பேசும் மொழிகளுக்கு உலகின் வேறு பெரிய குடும்பங்களோடு ஐயமற நிறுவப்பட்ட உறவில்லை. அது ஒரே மொழியும் அன்று. ஊருக்கு ஊர் வேறுபட்டு ஒருவர்க்கொருவர் புரியாத அளவுக்கு விலகியவையும் அவற்றுள் உண்டு. அம்மொழிக்கு 1752-இல் புவேப்லாவில் ஓர் இலக்கண நூல் அச்சேறியது. எழுதியவர் சம்பிரானோ பொனில்யா என்னும் பங்குத்தந்தை. நம் வீரமாமுனிவர் இறந்து ஐந்தே ஆண்டுகள் கழிந்த காலம் அது.

அந்த இலக்கணம் கைகட்டி நின்ற மக்களிடமிருந்து பெறப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒப்புரவு அருட்சாதனம் வழங்கவும் மறையுரை ஆற்றவும் பயன்பட வேண்டும் என்றே அத்தகைய நூல்கள் எழுதப்பட்டன. வெற்றிகொண்டவரின் கையில் இலக்கணமும் ஒரு கருவிதான். 2016 பிப்ரவரியில், 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, மெக்சிகோவின் சான் கிறிசுத்தோபல் நகரில் தொல்குடியினர் முன் நின்று, அவர்கள் ஒதுக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்கும் தேவையைப் பேசினார். அதே வேளையில் இன்றும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் அம்மொழியின் பழைய நிலையை ஆராய விரும்பும் அறிஞர் அந்தப் பங்குத்தந்தையின் நூலைத்தான் திறக்கிறார். கருவி கைமாறியது. வாக்ரிபோலிக்கோ அந்தக் கெடுவாய்ப்பும் இல்லை. அதனால் வந்திருக்கக்கூடிய நன்மையும் இல்லை.

யாரும் எழுதாமலே போனார்களா என்றால், எழுதினார்கள்; எவர் எழுதினார் என்பதே கேள்வி. 1871-இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் வந்தது. அதன் நிழலில் நாடோடிகளைப் பற்றி முதலில் தாள் நிரப்பியவர்களுள் காவல்துறையினர் உண்டு. சென்னை மாகாணத்துக் 'குற்றப் பிரிவினர்' பற்றி 1892-இல் நூல் வெளியிட்ட முல்லாலி காவல் அதிகாரி. 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்சுட்டனின் பெருநூல் குருவிக்காரர்க்கு ஓர் இடம் ஒதுக்கி, அவர்களை மராத்தி பேசுவோர் என்று குறித்துவிட்டு, நரித்தோல் பையையும் நரிக்கொம்பையும் விவரித்தது. கிரியர்சனின் புகழ்பெற்ற இந்திய மொழிக் கணக்கெடுப்போ சென்னை மாகாணத்தைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. 1970-இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சீனிவாச வர்மாவின் ஆய்வை நூலாக வெளியிட்டு, வாக்ரிபோலி தனித்ததோர் இந்தோ–ஆரிய மொழி என்பதை இலக்கண வழியில் காட்டியது. செருமானிய ஆய்வாளர் லூக்காசு வெர்த்து அவர்களுடைய அம்மன் வழிபாட்டைப் பற்றி 1996-இல் ஒரு நூல் எழுதினார். அது செருமன் மொழியில் இருப்பதால் நம்மவர் பலருக்கு எட்டாக்கனி.

தமிழில் இந்தக் குறையைத் துடைத்த பெருமை கரசூர் பத்மபாரதிக்கு உரியது. அவருடைய 'நரிக்குறவர் இனவரைவியல்' தமிழினி வெளியீடாக வந்தது. 2022-இல் தமிழ் விக்கியின் தூரன் விருது அவருக்கு வழங்கப்பட்டது. இந்நூலை நாம் மேலே சொன்ன இலக்கிய வரிசையில் வைத்தே படிக்க வேண்டும் என்பது நம் துணிபு. குறவஞ்சியில் புலவன் பேசினான். குறத்தி அவன் வாயாக நின்றாள். இங்கு ஆசிரியர் பேச்சைக் குறைத்துக்கொண்டு கேட்கிறார். ஆசிரியர் ஒரு பெண் என்பதும் கவனிக்கத்தக்கது. கூடாரத்துக்குள் பெண்களோடு அமர்ந்து பேசுவது ஆண் ஆய்வாளருக்கு எளிதில் கைகூடாது. இனவரைவியல் நூலில் கவிதையின் இன்பத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவர். சில இடங்களில் பட்டியல் பட்டியலாகத் தகவல் வரும். ஆயினும் பட்டியலுக்கும் ஓர் அறம் உண்டு. எந்தப் பெயரையும் விட்டுவிடக் கூடாது என்பதே அந்த அறம். உருவகம் விழுங்கிய மனிதரை அது ஒவ்வொருவராக வெளியே எடுத்து நிறுத்துகிறது.

இவ்விடத்தில் ஒரு தடையைச் சந்தித்தே ஆகவேண்டும். வாக்ரிபோலியை எழுதிவைப்பது நல்லதுதானா? சந்தையில் வாங்குவோர்க்குத் தெரியாமல் விலையைப் பேசிக்கொள்ள, காவலர் வரும்போது ஒருவர்க்கொருவர் எச்சரிக்க, அந்த மொழி அவர்களுக்கு வேலியாக இருந்து வந்திருக்கிறது. வேறு சொத்தில்லாதவர்க்கு மறைமொழியே மதில். அந்த மதிலில் வாசல் திறந்து அகராதி போடுவது அன்பா, அத்துமீறலா? மொழிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எவருடைய மொழியை, எவருக்காக என்று கேட்பதில்லை. நமக்குத் தோன்றுவது இதுதான்: வேலி தேவைப்படும் நிலையை நீக்காமல் வேலியை மட்டும் படம் பிடிப்பது வேட்டையாகிவிடும். ஆயினும் அந்த நிலை மாறிக்கொண்டிருக்கிறது; மொழிக்கு இப்போது வரும் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது.

திருச்சி–தஞ்சை நெடுஞ்சாலையில் துவாக்குடியை அடுத்துள்ள தேவராயநேரி, இவர்கள் வீடு கட்டி நிலைத்து வாழும் பெரிய குடியிருப்புகளில் ஒன்று. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின் துப்பாக்கியும் கண்ணியும் பிழைப்புக்கு உதவாமற் போயின. பாசிமணி வணிகமே பெருந்தொழிலாயிற்று. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1965-இலேயே லோகூர் குழு பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை சட்டமாக ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றன. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. நரிக்குறவர், குருவிக்காரர் என்னும் இரு பெயர்களும் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஏறின. கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு வருகிறது. அவர்களுடைய பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். பள்ளியில் கேலிக்கு அஞ்சும் பிள்ளை முதலில் விடுவது தன் வீட்டுப் பேச்சை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல் பதினாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசப்படும் மொழிகளைத் தனித்துப் பெயர் சொல்லி வெளியிடுவதில்லை. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருப்பவை 22 மொழிகள். இந்த இரண்டு ஏடுகளுக்கும் வெளியே நிற்கும் ஒரு பேச்சு எப்போது நின்றுபோனது என்று குறித்துக்கொள்ளக்கூட ஆள் இருக்காது.

பெந்தகோஸ்து நாளில் கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கேட்டதாகத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. எருசலேமுக்கு வந்திருந்த அவர்களில் பலருக்குப் பொதுமொழி தெரிந்தேயிருக்கும். கிரேக்கமோ அரமேயமோ கொண்டு காரியம் முடித்திருக்கலாம். தூய ஆவியார் சிக்கனம் பார்க்கவில்லை. தமிழ் தெரிந்தவர்கள்தானே, தமிழிலேயே பேசினால் போதாதா என்று நம்முள் எவரேனும் கேட்டால், அந்த அதிகாரத்தில் வரும் நாடுகளின் நீண்ட பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். வாசகம் வாசிப்போர் தடுமாறும் அந்தப் பெயர்களுள் ஒன்றையும் லூக்கா விட்டுவிடவில்லை.

வாக்ரிபோலிக்கு எழுத்தில்லை. எழுத முற்படுவோர் முதலில் சந்திப்பது எந்த எழுத்தில் என்னும் சிக்கலையே. நாகரி எழுத்தில் அதன் ஒலிகள் அனேகமாக அடங்கும். ஆனால் தேவராயநேரிப் பிள்ளைக்கு நாகரி தெரியாது. தமிழெழுத்து அவனுக்குத் தெரியும். ஆனால் வல்லின ஓசைகளை, குசராத்தி போன்ற மொழிகள் பிரித்துக் காட்டுவதுபோல் அது பிரிக்காது. 'வாக்ரி' என்று நாம் எழுதும்போதே ககரத்தின் உண்மை ஒலியைப் படிப்பவர் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. மேற்புள்ளியோ கீழ்க்கோடோ இட்டு இதைச் சரிசெய்யலாம். தமிழில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவ வேறுபாடு வகுத்தவர் வீரமாமுனிவர் என்பது மரபு. ஒரு சுழியில், ஒரு காலில் அவர் தீர்த்துவைத்த சிக்கலின் அளவுதான் இதுவும். எந்தக் குறியைத் தேர்வது என்பதை அம்மொழி பேசும் வீடுகளில் பிறந்து, தமிழெழுத்தும் கற்றுப் பட்டம் பெற்று வரும் முதல் தலைமுறையே முடிவு செய்யும். அவர்கள் கேட்டால் உடனிருந்து உதவ, திருச்சிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளிலும் மொழியியல் கற்றோரிடத்திலும் ஆள் உண்டு.